அரை டன் இரும்பு

என் அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, அக்காவிடம்கூட. குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்து ஆய்வகத்தில் அவர் தலைமை வேதியியலாளர், நான் அவருக்குக் கீழே. வேலை இடத்தில் சார், வீட்டில் அத்தான். இரண்டு வார்த்தையும் தொண்டையில் ஒட்டிக்கொண்டுதான் வெளியே வரும்.

ஆள் பார்க்க லட்சணமாகத்தான் இருப்பார். வாயைத் திறந்தால்தான் வினை. பொருள்களின் பேர் மேல் மனிதருக்கு அப்படி ஒரு பைத்தியம். ஆற்றிலிருந்து வரும் கலங்கல் தண்ணீரில் சேற்றைப் படிய வைக்க நாங்கள் ஒரு பழுப்புத் திரவத்தை விடுவோம். நிலையத்தில் எல்லோரும் அதை மருந்து என்றுதான் சொல்வார்கள். காதில் விழுந்தால் போதும், அவருக்கு உடம்பெல்லாம் எரியும்.

"மருந்தா? யாருக்கு ஜுரம்? இரும்பு மூன்று குளோரைடுன்னு வாயைத் திறந்து சொல்லுங்க."

பழைய ஆள் யாராவது பெர்ரிக் குளோரைடு என்றுவிட்டால் அதற்குத் தனிப் பிரசங்கம். அதெல்லாம் கொள்ளுத்தாத்தா காலத்துப் பேராம். எண்ணைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்த இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கிறவனுக்குத் தெரியுமாம்.

சொல்வதில் தப்பே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். இரும்பும் குளோரினும் சேர்ந்தால் ஒரே பொருள்தான் வரும் என்றில்லை. ஓர் இரும்பு அணு இரண்டு குளோரினோடு சேர்ந்தால் அது இரும்பு இரண்டு குளோரைடு. பழைய பேர் பெர்ரஸ், கரைசல் பச்சையாக இருக்கும். மூன்றோடு சேர்ந்தால் பெர்ரிக், கரைசல் நல்ல பழுப்பு. இரும்பு மூன்று, தண்ணீரில் விழுந்த கையோடு சேற்றைத் திரட்டிக் கீழே இறக்கிவிடும். இரும்பு இரண்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கமுக்கமாகக் கரைந்து, வடிகட்டியையும் தாண்டி, கடைசியில் கிருமி கொல்லக் குளோரின் சேர்க்கிற இடத்தில்தான் தன் குணத்தைக் காட்டும். அங்கே துருவாக மாறி, குழாய் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் போகும்.

அந்தத் தடவை வந்தது புது ஆலையின் டேங்கர். வாசலில் நுழையும்போதே அமில நெடி மூக்கைப் பிடுங்கியது. வால்வுக்குக் கீழே ஏதோ ஒழுகிக் காய்ந்து சொறி பிடித்தாற்போல் இருந்தது. பக்கவாட்டில் 'இரும்புக் குளோரைடு' என்று மட்டும் எழுதியிருந்தது, எண் இல்லை. அத்தானுக்குப் பொறுக்குமா? ஓட்டுநரைக் கூப்பிட்டு நிற்க வைத்து, பேரை முழுசாக எழுதாதவன் உருப்பட மாட்டான் என்கிற தோரணையில் ஒரு வாங்கு வாங்கினார். பிறகு சாக்பீஸ் எடுத்து, இரும்புக்குப் பக்கத்தில் 'மூன்று' என்று தன் கையாலேயே எழுதினார். உள்ளே இருப்பது என்ன என்று அப்போது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

சோதனைக்காக டேங்கர் மேல் ஏறி, மூடியைத் திறந்து, மேலாக ஒரு குவளை மொண்டு எடுத்தார். பழுப்பாகத்தான் இருந்தது. சோதனைக் குழாயில் ஊற்றித் தயோசயனேட் விட்டார். ரத்தச் சிவப்பு வந்தது. இரும்பு மூன்று இருந்தால் அந்தச் சிவப்பு வரும்.

"பாத்தியா? பாஸ்" என்றார்.

"நீலச் சோதனையும் பண்ணிடலாம் சார். இரும்பு இரண்டு கலந்திருந்தா அதுலதான் தெரியும்" என்றேன்.

"சிவப்பே வந்தாச்சு, நீலம் எதுக்கு? நீ கல்யாண வீட்டுக்குச் சேலையா எடுக்கற?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிவப்பு ஒரு சிட்டிகை இரும்பு மூன்று இருந்தாலே வந்து நிற்கும். மூன்று இருக்கிறது என்று சொல்லும், இரண்டு இல்லை என்று சொல்லாது. போதாக்குறைக்கு, இரும்பு இரண்டு காற்றுப் பட்டால் மேலாக மூன்றாக மாறிப் பழுப்பேறும். மேலே மொண்டால் சிவப்பு வராமல் என்ன செய்யும்? பள்ளிக்கூடத்தில் படிக்கிற பாடம் இது. ஆனால் வருஷக்கணக்காகச் சிவப்பைப் பார்த்துப் பார்த்து, சிவப்பு என்றால் பாஸ் என்றே எங்கள் நிலையத்தில் கை பழகிவிட்டது. வழக்கப்படி அந்த மாதிரியில் ஒரு பாட்டிலை நிரப்பி, முத்திரை வைத்து, அலமாரியில் வைத்தேன். காலியாக இருந்த தொட்டியில் டேங்கரைக் காலி செய்தார்கள்.

தொட்டியிலிருந்து அளந்து விடுகிறவரை எல்லோரும் மருந்துக்காரர் என்போம். ஐம்பது தாண்டியவர், அதிர்ந்து பேசமாட்டார். நிலையத்து வளாகத்திலேயே ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு குடியிருப்பு கொடுத்திருந்தார்கள். மனைவியும் கல்லூரி போகும் மகளும் அதில்தான். வேலை போனால் அன்றைக்கே அந்த வீடும் போகும்.

அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். ஆய்வகத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "சார், கட்டியே சேர மாட்டேங்குது. சேறு அப்படியே நிக்குது" என்றார்.

"கூட விடு" என்றார் அத்தான், தலையைத் தூக்காமல்.

மருந்துக்காரர் கூட விட்டார். மறுநாளும் வந்து நின்றார். இன்னும் கூட விடு என்று பதில். நான் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன், என் காதால் கேட்டேன்.

அதற்குப் பிறகு ஊருக்கு வந்த தண்ணீரைச் சொல்லவே அருவருப்பாக இருக்கிறது. குழாயைத் திறந்தால் முதலில் தெளிவாக விழும், ஏமாந்து பிடித்தால் பாத்திரத்தில் நிற்க நிற்கப் பழுக்கும். கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் எது, மற்றது எது என்று தெரியாது. வாயில் வைத்தால் ஆணியைச் சப்பின மாதிரி இருக்கும். துவைத்த வெள்ளைத் துணியெல்லாம் திட்டுத் திட்டாக மஞ்சள். பல் துலக்கித் துப்பினால் பழுப்பு நுரை. என் வீட்டிலேயே அரிசி களைந்த தண்ணீர் சாக்கடை மாதிரி ஆகி, அன்றைக்குப் பட்டினி கிடந்தேன். நிலையத்து வாசலில் ஜனம் கூடி அல்லோலகல்லோலப்பட்டது. ஒரு பெண் தன் குழந்தையின் பால் புட்டியை வரவேற்பு மேஜையில் கவிழ்த்துவிட்டு, "இதை நீங்க குடிங்க" என்றாள். அந்த மேஜையைத் துடைக்கக்கூட எவனும் வரவில்லை.

நான் தொட்டியின் அடி வால்வைத் திறந்து ஒரு குவளை பிடித்தேன். பச்சை. பாசி பிடித்த குட்டை மாதிரி கெட்டியான பச்சை. நீலச் சோதனை செய்தேன், குழாய் முழுக்கக் கருநீலமாகிவிட்டது. அளந்தும் பார்த்தேன். நாலில் மூன்று பங்கு இரும்பு இரண்டு. எஃகுத் தகட்டைத் துருப் போக அமிலத்தில் முக்குவார்கள், அந்தக் கழிவு அமிலத்தைத்தான் எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள்.

குவளையைக் கொண்டுபோய் அத்தான் முன்னால் வைத்தேன். அவர் மூஞ்சியில் ஈயாடவில்லை. குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

"தொட்டிக்குள்ள இரும்பு விழுந்திருக்கு" என்றார்.

"என்ன இரும்பு?"

"ஏதோ கம்பி. தொட்டியில நிக்கற ஆள் கலக்கறதுக்குப் போட்டிருப்பான். இரும்பு மூன்று, இரும்போட சேர்ந்தா என்ன ஆகும்? இரும்பு இரண்டு ஆகும். படிச்சவதானே நீ?"

அந்த வினை உண்மைதான். இரண்டு 'இரும்பு மூன்று' ஓர் இரும்பைத் தின்றால் மூன்று 'இரும்பு இரண்டு' வரும். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும். பொய் சொல்கிறவன் பொய்யைச் சொல்லித் தொலைக்கட்டும், என்ன செய்ய. உண்மையை எடுத்துப் பொய்க்குச் சட்டை தைத்துப் போடுகிறானே, அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

"வண்டி வந்தப்ப எடுத்த பாட்டில் இருக்கு சார். அதுல கம்பி எதுவும் விழலையே" என்றேன்.

அவர் திரும்பி அலமாரியைப் பார்த்தார். நான் அன்று மாலையே அந்தப் பாட்டிலைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கம்பிக் கதை அதற்குள் மேலே போய்விட்டது, மறுநாள் விசாரணை. மருந்துக்காரரை வேலையை விட்டு அனுப்புவதா வேண்டாமா என்பதுதான் அதில் பேச்சு என்று அலுவலகம் முழுக்கத் தெரிந்திருந்தது.

நான் வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவவில்லை, அக்கா வந்து நின்றாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். வந்ததும் வராததுமாக அழுகை.

"அந்தப் பாட்டிலைக் கொடுத்துடுடி."

"எந்தப் பாட்டில்?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி பேசாத. அலமாரியில காணோம்னு அவரு இப்பதான் போன்ல சொன்னாரு. இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கு அவருக்கு வேலை. இந்த வயசுல பேர் கெட்டுப்போச்சுன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு."

"மருந்துக்காரர் உடைஞ்சா பரவாயில்லையா?"

"அந்த ஆளுக்கு எங்கயாவது காவல் வேலை கிடைக்கும். இவருக்கு யாரு கொடுப்பா? தனியா இருக்கறவ நீ, உனக்கு இதெல்லாம் புரியாது."

வாயில் நன்றாக வந்தது, அடக்கிக்கொண்டேன். கூடப் பிறந்தவள், அழுதுகொண்டு வேறு இருக்கிறாள். தேநீர் போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். கடையில் வாங்கின தண்ணீர்தான், குழாய்த் தண்ணீரில் போட்டால் தேநீர் மையாகிவிடும். பால் கொதிக்கும்போது குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. முகம் கழுவப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். என் கைப்பை கூடத்தில் நாற்காலி மேல் இருக்கிறது என்று உறைத்தபோது அடுப்பை அணைக்கக்கூட நிற்காமல் ஓடினேன்.

கதவைத் திறந்துகொண்டு அவளே வந்தாள். கையில் காலிப் பாட்டில். மூடியைத் திருகும்போது வழிந்திருக்கிறது. கட்டை விரலிலிருந்து மணிக்கட்டு வரை பழுப்பும் மஞ்சளுமாகப் பிடித்திருந்தது. நல்ல புடவையில் முன்பக்கம் முழுக்கத் தெறித்திருந்தது. உள்ளே வாஷ்பேசினில் பழுப்பாக வழிந்து, நான் பார்க்கப் பார்க்க ஓரமெல்லாம் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அமில வீச்சத்தில் இருவருக்கும் இருமல் வந்தது.

"எரியுதுடி" என்றாள் அக்கா, கையை நீட்டி.

"சீ, போ" என்றேன். பிறகு நானேதான் வாளியில் இருந்த தண்ணீரை எடுத்து அவள் கையில் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற அழுதாள். எரிச்சலுக்கு அழுதாளா, செய்த காரியத்துக்கு அழுதாளா தெரியவில்லை. தேநீர் குடிக்காமலே போனாள். பேசினைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், கறை போகவில்லை. அவள் தொட்ட கதவுக் கைப்பிடியையும் தேய்த்தேன். எனக்கு என் அக்காவே அசிங்கமாகிப்போனாள்.

விசாரணை பெரிய அறையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்திருந்தார், கூட இரண்டு பேர். மேஜையில் எல்லோர் முன்னாலும் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில். குடிநீர் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் தண்ணீரைத் தொட எங்களுக்கே மனம் வரவில்லை, அதைப் பற்றி யாருக்கும் கூச்சமும் இல்லை. மருந்துக்காரர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். சட்டைக் காலரில் மஞ்சள் திட்டு.

அத்தான் பலகையில் சமன்பாட்டை எழுதினார். அழகான கையெழுத்து, அதில் குறை சொல்ல முடியாது. இரும்பு மூன்று, இரும்பு இரண்டு என்று ஒவ்வொரு பேரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "பொருள் வந்தப்ப சரியா இருந்தது. சோதனையில சிவப்பு வந்தது. அப்புறம் தொட்டிக்குள்ள இரும்பு போயிருக்கு. தெரியாம நடந்த தப்பு" என்று முடித்தார்.

அதிகாரி அம்மா மருந்துக்காரரைப் பார்த்தார். "கம்பி போட்டீங்களா?"

இல்லை என்ற பதிலுக்கு நான் காத்திருந்தேன். மருந்துக்காரர் ஒரு தடவை அத்தான் முகத்தைப் பார்த்தார். அத்தான் கண்ணை மூடித் திறந்தார்.

"ஆமாங்க" என்றார் மருந்துக்காரர். "கலக்கறதுக்குப் போட்டேங்க. கை தவறி உள்ள விழுந்துடுச்சு."

அந்த மனிதர் கம்பியைக் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டார். அவர் கலக்குவது பிளாஸ்டிக் துடுப்பால், அது இன்னும் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சாத்தியிருக்கிறது. என்ன சொல்லி மிரட்டினார்களோ, என்ன ஆசை காட்டினார்களோ. அவர் மேலும் எனக்கு வெறுப்பு வந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் வீடு போய்விடும் என்பது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. கையில் பாட்டில் இல்லை. பலகையில் அத்தான் எழுதியது மட்டும்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கம்பி எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று எழுந்து கேட்டேன்.

மருந்துக்காரர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"அத்தான் எழுதினது சரிதான்" என்றேன். பதற்றத்தில் சார் என்று வரவில்லை, யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. "இரண்டு 'இரும்பு மூன்று'க்கு ஓர் இரும்பு வேணும்னு எழுதியிருக்காரு. சரி. அந்தத் தொட்டியில கரைஞ்சிருக்கற இரும்பு மட்டுமே இரண்டு டன். அது இப்ப இருக்கற மாதிரி பச்சையாகணும்னா வெளியிலேர்ந்து அரை டன் இரும்பு உள்ள போயிருக்கணும். ஒரு கம்பி இல்லை மேடம். இந்த அறையில இருக்கற மேஜை, நாற்காலி, ஜன்னல் கம்பி அத்தனையும் போட்டாலும் பத்தாது. தொட்டியோட வாய் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். அது வழியா இவரு அரை டன் இரும்பை யாருக்கும் தெரியாம எப்படிப் போட்டாரு?"

கூட வந்த இருவரில் ஒருவர் சிரித்துவிட்டார். அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துத் தானே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"அப்போ வந்ததே அதுதானா?"

"வந்ததே அதுதான்" என்றேன்.

இப்போது மாட்டினார் என்று நினைத்தேன். அத்தான் பலகைக்குப் பக்கத்திலேயே நின்று, நிதானமாகத் தலையை ஆட்டினார், தான் சொல்லிக்கொடுத்த பாடத்தை நான் ஒப்பித்துவிட்ட மாதிரி.

"இந்தக் கணக்குக்காகத்தான் காத்திருந்தேன்" என்றார். "எந்தச் சாத்தியத்தையும் விடக்கூடாதுன்னு கம்பியையும் சொன்னேன். இப்ப அது இல்லைன்னு தெளிவாயிடுச்சு. தப்பு அனுப்பின ஆலையோடது. நம்ம விதியில சிவப்புச் சோதனை மட்டும்தான் இருக்கு, அதை நான் பண்ணினேன். நீலச் சோதனையையும் சேர்க்கணும்னு நானே எழுதித் தர்றேன். இந்தப் பெரியவர் பாவம், பயத்துல ஒத்துக்கிட்டாரு. இவர் மேல எந்த நடவடிக்கையும் வேண்டாம்னு கேட்டுக்கறேன்."

வாய் கூசாமல் சொன்னார். நீலம் எதுக்கு என்று கேட்ட அதே வாய், கூட விடு என்று சொன்ன அதே வாய். நான் சொல்லத் தொடங்குவதற்குள் அதிகாரி அம்மா, "நல்லது, அப்படியே செய்யலாம்" என்று எழுந்துவிட்டார். தட்டில் தேநீர் வந்தது, பிஸ்கட்டும் வந்தது. எல்லோருக்கும் பெரிய நிம்மதி. அத்தானின் தோளைத் தட்டி, கீழே வேலை செய்கிறவர்களை விட்டுக்கொடுக்காத மனிதர் நீங்கள் என்று ஒருவர் சொன்னார். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டே அடக்கமாகச் சிரித்தார். ஈரப் பிஸ்கட் துணுக்கு மீசையில் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

மருந்துக்காரர் தாழ்வாரத்தில் எனக்காகவே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. என்னதான் வெறுப்பு இருந்தாலும் அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நன்றி கின்றி என்று ஏதாவது சொல்லப்போகிறார், அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கிட்டே போனேன்.

"சார் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு மேடம்" என்றார். "நேத்தே சொன்னாரு. நீ கம்பி போட்டேன்னு மட்டும் ஒத்துக்க, உன் வேலைக்கு நான் பொறுப்புன்னாரு. நம்பித்தான் ஒத்துக்கிட்டேன். அதே மாதிரி எல்லார் முன்னாடியும் எனக்காகப் பேசினாரே, யாரு பேசுவா இந்தக் காலத்துல?"

"நான் கணக்குச் சொன்னதைக் கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேனே. அரை டன் அது இதுன்னு நீங்க நடுவுல எழுந்ததும் எனக்கு உசிரே போயிடுச்சு. எங்க காரியம் கெட்டுப்போயிடுமோன்னு. நல்லவேளை, சார் சமாளிச்சுட்டாரு." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், எனக்கு நல்லது சொல்கிறவர் மாதிரி. "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க மேடம். உங்க மேல அவருக்குக் கோவம் இல்லைன்னு சொல்லச் சொன்னாரு."